கடிதத்தோடு ஆளும் போகட்டும்

 

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வாலிபர் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து, அதிலுள்ள பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். போன மாதம் ஞாயிறு மாலைக் கூடுகைக்கு வந்தவர்களின் பெயர்களை அடித்துவிடுங்கள். சில பெயர்கள் மிஞ்சும். அந்தப் பெயர்களுக்காகத்தான் இந்த அறைகூவல்.

அவர்கள் யாரும் குரூப்பை விட்டுப் போகவில்லை. காலையில் வசனம் போட்டால் ‘ஆமென்’ என்கிறார்கள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் படம் அனுப்புகிறார்கள். ஆராதனை யூடியூபில் லைவ் போகும்போது கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கிறார்கள். அதை வைத்தே அவர்கள் நம்மோடு இருக்கிறார்கள் என்று நாம் நிம்மதியாக இருந்துவிட்டோம். முன்பெல்லாம் ஒரு வாலிபன் சபைக்கு வராமல் போனால் அவன் உட்காரும் இடம் காலியாகத் தெரியும். நாலாவது வாரத்துக்குள் யாராவது ஒரு பாட்டி, “அந்தப் பையனை எங்கே காணோம்?” என்று உபதேசியாரிடம் கேட்டுவிடுவார். இப்போது அந்தக் காலி இடம் யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு பிள்ளை வேலை போய், வீட்டில் சண்டை வந்து, தூக்கம் கெட்டு, மாதக்கணக்கில் தவித்தாலும் குரூப்பில் அவன் பெயர் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. அவன் போட்ட கடைசி ஆமென்னுக்குக் கீழே நாம் அடுத்த நிகழ்ச்சியின் நோட்டீஸைப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

போனைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 2020 மார்ச் கடைசியில் கொரோனாவால் ஆலயக் கதவுகள் பூட்டப்பட்டபோது நம்மைத் தாங்கியது அந்தச் சின்னத் திரைதான். அந்த ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி உயிர்த்தெழுந்த திருநாள். விடியற்காலைப் பவனி இல்லை, ஆலயத்தில் ஆள் இல்லை. ஆயர் வெறும் பெஞ்சுகளைப் பார்த்துப் பிரசங்கம் பண்ண, நாம் வீட்டு முன்னறையில் போனைச் சொம்பின்மேல் சாய்த்து வைத்து எழுந்து நின்று பாடினோம். தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்கள் பொதுவாகத் திறக்க அந்த ஆண்டு செப்டம்பர் ஆனது. அதுவரைக்கும், மறுபடி 2021-இன் இரண்டாம் அலையிலும், சபையைப் பிடித்து வைத்திருந்தது யார்? வாலிபர்கள். மிக்சர் இணைப்பையும் டிரைபாடையும் ஜூமையும் இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டு, எழுபது வயது அம்மாமாருக்கு “இந்தப் பட்டனை அமுக்குங்க பாட்டி” என்று போனில் சொல்லிக் கொடுத்தவர்கள் நம் பிள்ளைகள். கர்த்தர் அந்தக் கைகளைப் பயன்படுத்தினார். அதற்காக இன்றும் நான் ஸ்தோத்திரம் பண்ணுகிறேன்.

ஆனால் வெயிலுக்குப் போட்ட பந்தலை வீடு என்று நினைத்து அதிலேயே தங்கிவிட்டோம். கதவு திறந்தபிறகும் சனிக்கிழமை வீடு சந்திப்பு திரும்பி வரவில்லை. ஜெபக் குறிப்பைக் குரூப்பில் போட்டால் போதும் என்றானது. நோயாளியைப் பார்க்கப் போவதற்குப் பதில் ‘ஜெபிக்கிறோம்’ என்று கைகூப்பும் படம் போகிறது. கூடுகையில்கூடப் பாதிப் பேர் மீடியா டீம். ஒருவன் கேமராவுக்குப் பின்னால், ஒருத்தி பாட்டு வரிகளைத் திரைக்கு அனுப்பும் லேப்டாப்புக்குப் பின்னால், இன்னொருவன் ரீல்ஸ் எடுக்க ஓடிக்கொண்டு. ஆராதனை நடத்திக்கொடுக்கிற பிள்ளைகளே ஆராதிக்க முடியாமல் நிற்கிறார்கள். ஞாயிறுக்கு ஞாயிறு இதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

பவுல் அப்போஸ்தலனை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து ஊழியம் செய்வதில் அவரை மிஞ்சியவர் யார்? அன்றைக்குக் கிடைத்த சாதனம் தாளும் மையும். அதை அவர் முழுப் பலத்தோடு பயன்படுத்தினார். கையில் விலங்கோடும் எழுதினார். ஆனால் அவருடைய கடிதங்களோடு யார் போனார்கள் என்று பாருங்கள். கொலோசெயருக்கு எழுதினார், தீகிக்கு கொண்டுபோனான், கூடவே ஒநேசிமுவும் போனான். எபேசியருக்கு எழுதினார், அங்கேயும் தீகிக்குதான். என் காரியங்களையெல்லாம் அவன் நேரில் வந்து சொல்லுவான் என்று அந்த நிருபத்திலேயே எழுதி வைத்தார். பிலிப்பியருக்கு எப்பாப்பிரோதீத்து போனான், அதுவும் சாகும் தறுவாய்க்குப் போய்ப் பிழைத்து எழுந்தவன். ரோமருக்கு எழுதிய அந்தப் பெரிய நிருபத்தைக் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாள் கொண்டுபோனாள் என்றுதான் வேத அறிஞர்களில் பெரும்பாலோர் கொள்கிறார்கள். அவளை ஏற்றுக்கொண்டு, அவளுக்கு என்ன தேவையோ அதைச் செய்யுங்கள் என்று கடைசி அதிகாரம் கேட்டுக்கொள்கிறது. கடிதம் போன இடத்துக்கெல்லாம் ஆளும் போனது. வாசலில் வந்து நின்று, கால் கழுவி, பந்தியில் உட்கார்ந்து, “அவர் எப்படி இருக்கிறார்?” என்ற கேள்விக்குப் பதில் சொன்ன ஆள்.

தெசலோனிக்கேயில் நடந்தது இன்னும் அழுத்தமானது. அங்கே புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் உபத்திரவத்தில் தளர்ந்துவிட்டார்களோ என்று பவுலுக்கு மனசு தாங்கவில்லை. அப்போது அவர் முதலில் எடுத்தது தாளை இல்லை. அத்தேனே பட்டணத்தில் நான் தனியாகக் கிடந்தாலும் பரவாயில்லை என்று தம்மோடிருந்த தீமோத்தேயுவை அனுப்பினார். அவன் போய்ப் பார்த்துத் திரும்பி வந்து நல்ல செய்தி சொன்னபிறகே அந்த நிருபத்தை எழுதினார். புதிய ஏற்பாட்டிலேயே மிகப் பழைய எழுத்தாகப் பலர் கருதுவது அந்த நிருபத்தைத்தான். அது ஒரு வீடு சந்திப்புக்குப் பிறகு எழுதப்பட்டது, தோழர்களே!

யோவானும் அப்படித்தான். அவருடைய இரண்டாம் நிருபமும் மூன்றாம் நிருபமும் மிகச் சின்னவை. இரண்டின் முடிவிலும் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்: எழுத நிறைய இருக்கிறது, அதை மையினால் எழுத மனமில்லை, வந்து முகமுகமாய்ப் பேசுவேன். அப்போதுதான் நம் சந்தோஷம் நிறைவாகும் என்று ஒன்றில் காரணமும் தருகிறார். எழுதத் தெரியாதவரா அவர்? எழுத்து எதுவரைக்கும் போகும் என்று தெரிந்தவர்.

நம் ஊரிலேயே இதற்குச் சாட்சி உண்டு. 1959-இல் திருநெல்வேலிச் சீமையில் வாலிபர் ஜெபக் குழுக்களாகத் தொடங்கியது நண்பர் சுவிசேஷ ஜெபக் குழு. அந்த வாலிபர்களில் ஒருவரான எமில் ஜெபசிங் பிற்பாடு வானொலி ஊழியத்துக்கு வந்தார். அக்காலத்தின் இணையம் வானொலிதான். பார்க்காத ஊர், தெரியாத வீடு எல்லாவற்றுக்குள்ளும் குரல் போனது. அவர் தலைமையில் வானொலியில் ஆரம்பித்த விஸ்வவாணி, குரலோடு நின்றுவிடாமல் கிராமங்களுக்கு ஊழியர்களை அனுப்பும் பணியாக வளர்ந்தது. காற்றில் போன செய்திக்குப் பின்னால் கால்நடையாக ஒருவர் போனார்.

நான் உங்களைக் கேட்பது இந்த ஒன்றைத்தான்: நம் கையிலிருக்கும் போன் ஆளை அனுப்பட்டும், ஆளுக்குப் பதிலாகப் போக வேண்டாம். குரூப்பில் ஒரு பிள்ளை ஜெபக் குறிப்பு எழுதினால் அன்றைக்கே ஒருவர் கூப்பிட்டுப் பேச வேண்டும், அந்த வாரத்துக்குள் இரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டும். போக முடியாத தூரமா? அப்படியானால் அங்கே யாரை அனுப்பலாம் என்று தேட வேண்டும். இதற்குக் குறைந்த எதற்கும் நாம் ஊழியம் என்று பெயர் வைக்க வேண்டாம்.

நேரில் வரவே முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மறந்து நான் பேசவில்லை. ரியாத்தில் நர்ஸாக வேலை பார்க்கும் நம் தங்கையை நினைத்துப் பாருங்கள். சவூதியில் போய் உட்கார ஒரு ஆலயம் கிடையாது. ராத்திரி டியூட்டி முடித்து அறைக்கு வந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு நம் கூடுகையில் சத்தமில்லாமல் உதடசைத்துப் பாடுகிறாள். அவளுக்கு அந்த ஒரு மணி நேரம் உயிர். தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிய தம்பி துறைமுகம் வந்தால்தான் சிக்னலைப் பார்க்கிறான். அவனுக்கு நாம் பதிவு செய்து அனுப்பும் வேதபாடம் பெரிய காரியம். படுக்கையோடு இருக்கிற பிள்ளைகளுக்கும் அப்படியே. பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பழமையான பள்ளியில் படித்து வெளியே வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீடியோ அழைப்பு வந்தபிறகுதான் தூரத்துச் சிநேகிதரோடு கைமொழியில் வயிறாரப் பேச முடிகிறது என்பார்கள். நம் கூடுகைகளில் ஒலிபெருக்கிக்குக் கொடுத்த இடத்தில் பாதியையாவது கைமொழிக்குக் கொடுத்திருக்கிறோமா?

ஆகவே ஆன்லைன் கூடுகையை நிறுத்தாதீர்கள். ரியாத் தங்கையின் டியூட்டி நேரத்தைக் கேட்டு அதற்கேற்ப நேரத்தை மாற்றுங்கள். அதோடு விட்டுவிடவும் வேண்டாம். அவளுடைய அம்மா சாத்தான்குளத்துப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் தனியே இருக்கிறாரே, அந்த வீட்டுக்கு யார் போகிறோம்? மாதம் ஒருமுறை இரண்டு பேர் போங்கள். அம்மாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், கொல்லைப்புறக் குழாய் ஒழுகினால் சரி பண்ணிக் கொடுங்கள். பிறகு திண்ணையில் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ரியாத்துக்கு வீடியோ போடுங்கள். தன் வீட்டு முற்றத்தில் தன் ஐக்கியத்துப் பிள்ளைகள் காப்பி குடித்துக்கொண்டிருப்பதை அவள் பார்க்கட்டும். இணையமும் நேர்சந்திப்பும் இரண்டு கட்சி என்று யார் சொன்னது? அந்தத் திண்ணையில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

அடுத்த விஷயம் கசப்பானது, சொல்லாமல் விடவும் முடியாது. எல்லா அறிவிப்பையும் வாட்ஸ்அப்பிலேயே போட்டுவிட்டு, “எல்லாருக்கும் சொல்லியாச்சு” என்கிறோம். யார் அந்த எல்லாரும்? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருப்பவர்கள் 54%. எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியிருக்கும் பெண்கள் 33.3%, ஆண்கள் 57.1%. தமிழ்நாட்டின் நிலை இதைவிட மேல்தான். ஆனாலும் நம் சபைகளில் அண்ணன் போனிலோ அப்பா போனிலோ செய்தி வந்து, அவர்கள் சொன்னால் உண்டு என்று இருக்கிற தங்கைகளை நீங்களே அறிவீர்கள். கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் நூற்பாலை விடுதிகளில் வேலை செய்யும் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குப் போன் கையில் இருப்பதே கொஞ்ச நேரம். போனில் இல்லாதவர்கள் நம் கணக்கிலேயே இல்லாமல் போய்விட்டார்கள். அந்தத் தாளில் குரூப் பெயர்களை எழுதி முடித்தபிறகு, சபைப் பதிவேட்டை எடுத்து, திடப்படுத்தல் பெற்றும் எந்தக் குரூப்பிலும் இல்லாத பிள்ளைகளின் பெயர்களையும் சேருங்கள். சந்திப்பை அவர்களிடமிருந்தே ஆரம்பியுங்கள்.

நேரில் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. நேரில் கூடின இடங்களில்தான் நம் பிள்ளைகள் காயப்பட்டும் இருக்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு, என்ன சாதி என்று பார்த்துப் பேசின கூட்டங்கள் உண்டு. சுடிதாரின் துப்பட்டாவைப் பற்றி எல்லாருக்கும் முன்னால் பேசி ஒரு பிள்ளையை அழ வைத்த கூட்டங்கள் உண்டு. திக்கிப் பேசுகிற தம்பியிடம் மைக்கைக் கொடுக்காத கூட்டங்களும் உண்டு. கோடு விழாமல் மிஞ்சின பெயர்களில் சிலர் அப்படி விரட்டப்பட்டவர்கள். திரையில் யாரும் அவர்களை உற்றுப் பார்ப்பதில்லை. அதனால் அங்கே தங்கிவிட்டார்கள். அவர்களை “ஏன் வரவில்லை?” என்று கேட்கப் போகாதீர்கள். “எங்களால் என்ன நடந்தது?” என்று கேட்கப் போங்கள். சொல்வதைக் கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் திரும்பி வாருங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் மன்னிப்புக் கேட்கட்டும்.

வேதநாயகம் சாமுவேல் அசரியாவை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். வாலிபராக ஒய்.எம்.சி.ஏ. செயலராகப் பணி செய்தவர். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்னின்றவர். 1912-இல் டோர்ணக்கல் அத்தியட்சராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானவர். அவர் 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் பேசிய பேச்சு அங்கிருந்த பலரைச் சுட்டது. மிஷனரிகள் செய்த தியாகங்களுக்கு நன்றி சொன்னார். சொல்லிவிட்டு, கூட ஊழியம் செய்யும் இந்தியரின் வீட்டுக்குப் போய்வருவதும் கூட உட்கார்ந்து சாப்பிடுவதும் எத்தனை அரிதாக இருக்கிறது என்று வெளிப்படையாகப் பேசினார். பொருள் தந்தீர்கள், உங்கள் சரீரத்தையும் தந்தீர்கள், எங்களுக்கு அன்பு வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்பதே அவர் முடிவாக வைத்த கோரிக்கை.

அவர் வெள்ளைக்காரரிடம் கேட்டதை இன்று நம் குரூப்பிலிருக்கும் ஒரு பிள்ளை நம்மிடம் கேட்டால் என்ன சொல்வோம்? வசனம் தந்தோம், பாட்டு தந்தோம், லிங்க் தந்தோம். அவன் வீட்டில் போய்ச் சாப்பிட்டோமா? எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே குரூப்பில் ஆமென் போடுவது சுலபம். அசனத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதும் வருஷத்துக்கு ஒருநாள் நடந்துவிடுகிறது. ஆலய வளாகத்துக்கு வெளியே, ஊருக்கு ஒதுக்குப்புறத்துத் தெருவிலிருக்கும் சிநேகிதன் வீட்டில் தரையில் உட்கார்ந்து அவன் அம்மா வைத்த குழம்பைச் சாப்பிடுகிறோமா? அவனை நம் வீட்டுச் சமையலறைப் பக்கம் கூப்பிடுகிறோமா? சாதியைப் பற்றி வாலிபர் முகாமில் ஒரு செய்தி கேட்டுக் கைதட்டுவதைவிட இது கடினம். ஆகவே இதையே செய்யச் சொல்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு, கூடுகையை ஒரு வீட்டில் வையுங்கள். அடுத்த மாதம் வேறு தெருவில் வேறு வீடு. சாப்பாடு அந்த வீட்டில் என்ன உண்டோ அது. அரிசி பருப்பை எல்லாரும் முன்கூட்டியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் அந்த வீட்டுக்குப் பாரம் இருக்காது.

சென்னைக்கும் பெங்களூருக்கும் போன பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1844-இல் லண்டனில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸும் அவருடைய சிநேகிதரும் சேர்ந்து தொடங்கியதுதான் ஒய்.எம்.சி.ஏ. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து, கடைக்கு மேலேயே தங்கி, வேலை முடிந்தால் போக ஒரு நல்ல இடமில்லாமல் அலைந்த வாலிபர்களுக்காக அது பிறந்தது. இன்றைக்கு வேளச்சேரியிலும் ஒயிட்ஃபீல்டிலும் பி.ஜி. அறைகளில் நம் ஊர்ப் பிள்ளைகள் அதே நிலையில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை தூங்கி எழுந்து, ஊர் ஆலயத்தின் லைவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பார்சல் வாங்கித் தனியே சாப்பிடுகிறார்கள். ஊர்ச் சபையை விட்டுவிடவில்லை என்ற ஆறுதல் நமக்கு. இருக்கிற ஊரில் ஒரு சபை இல்லாத தனிமை அவர்களுக்கு. நாம் அனுப்பும் லைவே அவர்களை அங்கே வேரூன்ற விடாமல் செய்கிறது என்றால், கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

ஒரு பிள்ளை ஊரை விட்டுக் கிளம்பும்போது ஜெபித்து அனுப்புகிறோம். பெபேயாளுக்குப் பவுல் செய்தது அதற்கும் மேலே. போய்ச் சேரும் ஊரில் யார் அவளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் எழுதி அனுப்பினார். நாமும் அப்படிச் செய்வோம். பிள்ளை கிளாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அங்குள்ள சபையின் வாலிபர் ஒருவர் வந்து நிற்க வேண்டும். அதற்கு முந்தின வாரமே நாம் அந்தச் சபையின் ஆயருக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். அங்கே அவன் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டால் சந்தோஷப்படுவோம். நம் லைவில் ஒரு பார்வையாளர் குறைவது நஷ்டமே இல்லை. அதேபோல் நம் ஊருக்குக் கல்லூரியில் படிக்க வரும் பிள்ளைகளுக்கு, வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வருகிறவர்களையும் சேர்த்தே சொல்கிறேன், நாம்தான் ரயில்வே ஸ்டேஷனில் நிற்க வேண்டிய ஆள்.

யூடியூபில் பிரபலமான ஊழியர்களைப் பின்தொடரும் தம்பி தங்கைகளிடம் ஒரு வார்த்தை. நல்ல செய்தி எங்கிருந்து வந்தாலும் கேளுங்கள். ஆனால் அந்த ஊழியருக்கு உங்கள் பெயர் தெரியாது. உங்கள் வீட்டில் சாவு விழுந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து பந்தல் போடுகிறவன், நாற்காலி இறக்குகிறவன், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் பார்க்கிறவன், அம்மாவைப் பிடிவாதமாய் ஒரு டம்ளர் காப்பி குடிக்க வைக்கிறவள், இவர்கள் உங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள். நீங்களும் அடுத்தவர் வீட்டுக்கு அந்த ஆள்தான். துக்க வீட்டுக்குப் போவதை ஒரு வாலிபனுக்குப் பழக்கிவிட்டால் பாதி ஊழியப் பயிற்சி முடிந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

2025-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று சொல்கிறது. வாலிபர்களிடையே அது அதிகம். குரூப்பில் நள்ளிரவுக்குமேல் ஸ்டேட்டஸ் மாற்றிக்கொண்டே இருக்கிற பிள்ளையை, திடீரென்று எல்லாக் குரூப்பிலிருந்தும் வெளியேறுகிற பிள்ளையை, ‘எல்லாருக்கும் நன்றி’ என்று காரணமில்லாமல் எழுதுகிற பிள்ளையைக் கவனியுங்கள். அங்கே திரை நமக்கு உதவுகிறது. நேரில் காட்டாததை அவர்கள் அங்கே காட்டிவிடுகிறார்கள். பார்த்த உடனே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருக்கிறவரை அனுப்புங்கள், தனியே விடாதீர்கள். “ஜெபித்தால் போய்விடும், விசுவாசம் குறைவு” என்று யாரும் அந்த நேரத்தில் சொல்லக் கூடாது. ஜெபியுங்கள், மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, சிறுவர் உதவி எண் 1098, இரண்டும் ஒவ்வொரு தலைவர் போனிலும் இன்றைக்கே பதிவாகட்டும்.

சந்திப்புக்குப் போகும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் சீஷர்களை இருவர் இருவராக அனுப்பினார். நாமும் இருவராகவே போவோம். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைப் பார்க்கப் போவதென்றால் பெற்றோருக்குத் தெரிந்து, அவர்கள் வீட்டில் இருக்கும்போது. தலைவர் என்ற பெயரில் ஒரு பிள்ளையோடு ராத்திரியில் தனியே சாட் பண்ணுவது, அழிந்துபோகும்படி செய்தி வைப்பது, “இதை யாரிடமும் சொல்லாதே” என்பது, இவை எதற்கும் நம் ஐக்கியத்தில் இடமில்லை. நேரில் தனியறையில் உட்கார்ந்து ஆலோசனை சொல்வதற்கும் இதே கட்டுப்பாடுதான். சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் ஆலயத்துக்கும் பொருந்தும். தப்பு நடந்தது தெரிந்தால் கமிட்டிக்குள் பேசி முடிக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஒரு பிள்ளை நம்பி எழுதிய ஜெபக் குறிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொரு குரூப்புக்கு அனுப்பாதீர்கள். வீட்டுக்குப் போய் ஜெபித்ததைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடவும் வேண்டாம். அது அந்த வீட்டின் கண்ணீர்.

மீடியா டீம் பிள்ளைகளே, உங்களை நான் குறை சொல்லவில்லை. உங்களை அங்கேயே நிறுத்தி வைத்த பெரியவர்கள் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இனி யாரும் தொடர்ந்து இரண்டு ஞாயிறு கேமராவுக்குப் பின்னால் நிற்கக் கூடாது என்று ஒழுங்கு வையுங்கள். ஆள் போதவில்லையா? அந்த வாரம் லைவ் வேண்டாம். திருவிருந்து நாளில் நீங்கள் கட்டாயம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

டிசம்பர் வருகிறது. கேரல் ரவுண்ட்ஸுக்கு வேனும் டிரம்ஸும் பேசி வைத்தாயிற்று. இந்த முறை பாதையை மாற்றுங்கள். எந்த வீட்டில் காணிக்கை அதிகம், எங்கே கேக் கிடைக்கும் என்று போட்ட பழைய வரிசை வேண்டாம். சந்திப்புக்குப் போன வீடுகள், வராமல் நின்றுபோன பிள்ளைகளின் வீடுகள், வயசானவர்கள் தனியே இருக்கும் வீடுகள், அவைதான் முதலில். வாசலில் ஒரு பாட்டைப் பாடி ஓடிவிடாமல், உள்ளே போய் உட்காருங்கள். ராத்திரிக்கு முப்பது வீட்டுக்குப் பதில் பத்து வீடு போதும். வீடுகளின் எண்ணிக்கை குறைந்தால் வசூலும் குறையும். அதைக் கமிட்டியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கமிட்டியிடம் இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கேமராவுக்கும், லைட்டுக்கும், மாதாமாதம் இணைய இணைப்புக்கும் சபை பணம் ஒதுக்குகிறது. வீடு சந்திப்புக்கு என்று ஒரு ரூபாய்கூட ஒதுக்காத சபைகளே அதிகம். பஸ் டிக்கெட்டுக்கும் பெட்ரோலுக்கும், நோயாளிக்கு வாங்கிப் போகும் ஆரஞ்சுப் பழத்துக்கும், காது கேளாத பிள்ளைகளுக்குக் கைமொழி பேசத் தெரிந்த ஒருவரை வரவழைப்பதற்கும், அடுத்த வருஷ வரவுசெலவுத் திட்டத்தில் தனியே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கையில் கணக்கோடு போங்கள்: எத்தனை பெயர், எந்தெந்த ஊர், போய்வர எவ்வளவு ஆகும் என்று. வாலிபர் செயலர் மட்டும் போய் நின்றால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள். எல்லாரும் போங்கள். கமிட்டி எந்தத் தேதியில் கூடுகிறது என்று இந்த ஞாயிறே ஆயரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.